அம்மா செருகிய பென் டிரைவ்

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அதன் குருவுக்கு முப்பத்துநாலு வயது. பெயர் சுபத்ரா. எல்லாரும் அவளை அம்மா என்பார்கள். சாருமதிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளும் அம்மா என்பாள். பதிலுக்கு அம்மா அவளை அக்கா என்பாள். புதிதாக வருகிறவர்கள் இந்த உறவுமுறை புரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

சாருமதி கான்வென்ட்டில் படித்தவள். திண்டுக்கல்லில் குடும்பம். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அதட்டி உருட்டி ஆளாக்கியவள். சிலிண்டர்காரன் வாசல் டைல்ஸில் சிலிண்டரை உருட்டினால் அவனுக்கு இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் திட்டு விழும். பிள்ளைகள் வெளியூர் போனபின் ஒருநாள் ஆசிரமத்தைப் பார்க்க வந்தாள். இப்போது வாரத்தில் பாதிக்குமேல் இங்கேதான். புருஷன் தோசை மாவைக் கடையில் வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அப்படி இருந்தவள், இங்கே ரசத்துக்கு உப்புப் போடவேண்டும் என்றால்கூட, "அம்மா, போடட்டுமா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆசிரமத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மூடிப்போன டியூஷன் சென்டர் ஒன்று கழித்துக் கொடுத்தது. வாங்கும்போதே மலிவு, இப்போது கிழமும்கூட. அதன் ஃபேன் ஓடினால் மிக்ஸியில் கொப்பரை அரைப்பதுபோல் இருக்கும். அம்மா இங்கே வருவதற்கு முன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளம் வாங்கியவள். அந்தக் கிழட்டுப் பெட்டியில்தான் சாருமதிக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். திறக்க, மூட, டைப் அடிக்க, படம் அனுப்ப, பிரித்துப் போட்டு மறுபடி மாட்ட.

போன வாரம் அதன் சிஸ்டம் படுத்துவிட்டது. ஆன் பண்ணினால் கறுப்புத் திரையும் சத்தமும் மட்டும்தான்.

இன்றைக்கு அது மலைமேல் போயாக வேண்டும். எலுமிச்சங்காடு என்ற ஊரில் பெண்கள் கம்ப்யூட்டர் கற்கக் காத்திருந்தார்கள். ஒரு அறையை ஒழித்து, வெள்ளையடித்து, கரண்ட் இழுத்தாயிற்று. சொல்லிக்கொடுக்கப் போகிறவள் சாருமதி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சிக்கந்தர் பாயின் ஜீப் மேலே போகிறது. மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதையில் வண்டி ஏறாது. இந்த ஜீப்பை விட்டால் தை மாதம்தான்.

விடிந்ததும் அம்மா வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகினாள்.

"புது சிஸ்டம் இதுல இருக்குக்கா. இதுலேருந்து பெட்டிக்குள்ள ஏத்தணும். இனி நீங்க பாத்துக்கங்க."

"நானா? நீங்க கூட இருக்க மாட்டீங்களாம்மா?"

"கத்தரிக்குத் தண்ணி பாய்ச்சணும்."

போய்விட்டாள்.

சாருமதி பூஜை அறைக்கு ஓடினாள். சந்தனத்தைத் தொட்டுவந்து பென் டிரைவின் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். பின்னே? அம்மா கையால் செருகியது அல்லவா!

பட்டனை அமுக்கினாள். கொப்பரை அரைபட ஆரம்பித்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துருச்சு! ஒச்சம்மா, வந்துருச்சு!"

சமையல்கட்டிலிருந்து ஒச்சம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். ஆசிரமத்துக்கே அவள்தான் சமையல்.

"என்ன டீச்சரம்மா, வந்துருச்சு?"

"எந்த மொழி வேணும்னு கேக்குது!"

"மரியாதை தெரிஞ்ச பெட்டிதான்."

சாருமதி மொழியைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று கேட்டது. போடு என்றாள். கீழே ஒரு நீலக்கோடு முளைத்து, நத்தை மாதிரி நகர ஆரம்பித்தது. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதைக் கண்ணாலேயே தள்ளினாள்.

"வெந்துருச்சா?" என்றாள் ஒச்சம்மா.

"பாதி."

ஒச்சம்மா மொச்சையை வேகவைத்து இறக்கிவிட்டு மறுபடி வந்தாள். "இன்னுமா? குக்கர்ல போட்டிருந்தா இந்நேரம் குழைஞ்சிருக்கும்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு! முக்கால் வந்தாச்சு!"

கோடு மறுகரையைத் தொட்டது. 'முடிந்தது' என்றது திரை. சாருமதி எழுந்தே நின்றுவிட்டாள். திரை கறுத்தது. நடுவில் ஒற்றை வரி வந்தது. வரியின் கடைசியில் என்டர் தட்டவும் என்று இருந்தது. கான்வென்ட்டில் படித்தவள், ஒரு பார்வையில் முழு வரியையும் படித்துவிடுவாள். விரல் அதற்கும் முந்திக்கொள்ளும்.

தட்டினாள்.

பெட்டி அணைந்து, மறுபடி எழுந்து, மூச்சு வாங்கி, வெளிச்சம் காட்டியது.

எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இப்பத்தானே சொன்னேன்!" என்றாள் சாருமதி.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிப் பாத்திக்கு ஓடினாள். அம்மா மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா! முழுசா ஏறுச்சு. கடைசியில மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்குது!"

"அப்படியா?"

"உள்ள ராம் பலகை அழுக்கா இருக்குமோ? ரப்பர் வச்சுத் தேய்க்கட்டுமா?"

"தேய்ங்களேன்."

சாருமதி திரும்பி ஓடினாள். பெட்டியைத் திறந்தாள். ராம் பலகையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பித்தளைப் பல்லையெல்லாம் பளபளவென்று தேய்த்தாள். சைக்கிள் பம்ப் வைத்துக் காற்றடித்தாள். டியூஷன் சென்டரின் சாக்பீஸ் தூள் முழுக்க அவள் முகத்தில். பென் டிரைவை மட்டும் தொடவில்லை. பெட்டியைச் சாய்த்தபோதுகூட ஒரு கையால் அதற்கு அணை கொடுத்தாள்.

மறுபடி மொழி. மறுபடி ஊர். மறுபடி அழிக்கட்டுமா, அழி. மறுபடி நீலக்கோடு.

"இந்தத் தடவை வேகமா போகுது, பாத்தியா? ரப்பர் போட்டதுதான்!"

"ரப்பர் போட்டா வேகமா போகுமா? எம் மகனுக்கும் போட்டு விடுங்க டீச்சரம்மா. பத்தாவது மூணு தடவை எழுதுறான்."

கோடு கரையேறியது. கறுப்புத் திரை. ஒற்றை வரி. என்டர்.

எந்த மொழி வேண்டும்?

சாருமதிக்குக் கான்வென்ட்டில் சொல்லிக்கொடுக்காத சொல் ஒன்று வாயில் வந்தது. ஒச்சம்மா கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுபடி கத்தரிப் பாத்தி.

"அம்மா, ஹார்ட் டிஸ்க் போயிருச்சு!"

"போயிருச்சா?"

"போயிருச்சான்னு கேக்கத்தானே ஓடி வந்தேன்!"

"நான் பாத்தியில நிக்கிறேன்க்கா. டிஸ்க் அங்க இருக்கு."

"நீங்க வந்து ஒரு தடவை கை வச்சா சரியாயிரும்மா. எனக்குத் தெரியும்."

"டிஸ்க்கைப் பாக்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்ல?"

"குடுத்தீங்க."

"அப்புறம்?"

அப்புறம் என்ன? அவளே பார்த்தாள். சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு படியாகச் சோதித்தாள். டிஸ்க் கிழமே தவிர, நோயில்லை. ஒயர்களைக் கழற்றி மாட்டினாள். பிளக்கை வேறு சுவரில் செருகினாள். ராகுகாலம் முடியட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். காத்திருக்கவும் முடியாமல் பாதியிலேயே ஆரம்பித்தாள்.

மூன்றாவது தடவை கோடு பாதி வந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. சிக்கந்தர் பாய் இறங்கி, தலைத்துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன டீச்சர், பொண்ணு ரெடியா? மாப்பிள்ளை வீட்டுல எல்லாம் தயார்."

"எந்த மாப்பிள்ளை வீடு?"

"எலுமிச்சங்காடுதான்! நேத்து வாழைத்தார் ஏத்தப் போயிருந்தேன். அந்தப் பொம்பளைங்க மேசை வாங்கிப் போட்டுட்டாங்க. மேல துணி விரிச்சு, பூவும் வச்சாச்சு. பெட்டிதான் இல்ல. தினம் ஒருத்தர் வந்து வெறும் மேசையத் துடைச்சுட்டுப் போறாங்களாம். 'டீச்சரு எந்த எழுத்துலேருந்து ஆரம்பிப்பாரு பாய்'னு என்னையப் பிடிச்சுக் கேக்குதுக. நான் என்னத்தக் கண்டேன்?"

சாருமதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெறும் மேசைக்குப் பூ வைத்திருக்கிறார்கள்! அவள் விரல் நுனியெல்லாம் துறுதுறுத்தது. இந்தத் தடவை ஏறிவிடும். ஏறியே ஆகவேண்டும்.

"மேகம் இறங்குது டீச்சர். சாப்பிட்டதும் கிளம்பிரணும். வழியில நனைஞ்சா வண்டி வழுக்கும்."

"கிளம்பிரலாம் பாய். இதோ, இன்னும் கொஞ்சூண்டு!"

பாயும் ஒச்சம்மாவும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதுபோல் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலக்கோட்டைப் பார்த்தார்கள். பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார்.

"ஏறு... ஏறு... ஏறுடா என் ராசா!"

ஏறியது. முடிந்தது. கறுப்பு. வரி. என்டர்.

எந்த மொழி வேண்டும்?

ஃபேன் மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது.

சாருமதி மெதுவாக எழுந்து வெளியே வந்தாள். அம்மா வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அது கிழம். மலிவுச் சரக்கு. தூக்கிப் போடுங்க."

"சரி."

"இல்ல, பெட்டிமேல தப்பில்ல. என் கை ராசி. நீங்களே ஏத்தி, நீங்களே மேல கொண்டு போங்க. அந்தப் பொம்பளைங்க உங்ககிட்டயே படிக்கட்டும். நான் கூட வந்து கூட்டித் துடைக்கிறேன்."

"முதல்ல சாப்பிடுங்கக்கா."

"எனக்கு இறங்காது."

"நான் போடுறேன். உக்காருங்க."

மலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்க ஒச்சம்மா அப்போதுதான் இட்லிப் பானையை இறக்கியிருந்தாள். அம்மா இட்லித் தட்டை எடுத்தாள். ஒரு இட்லியை, அது வெந்த துணியைக் கத்தரித்து, துணியோடு அப்படியே சாருமதியின் இலையில் வைத்தாள். மேலே சட்னியை ஊற்றினாள்.

"ஐயோ, என் துணி!" என்று ஒச்சம்மா அலறினாள்.

"சாப்பிடுங்கக்கா," என்றாள் அம்மா.

சாருமதி இலையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"துணியோடவா?"

"துணியிலதானே வெந்துச்சு?"

"வெந்துச்சு. அதுக்காக?"

"துணி இல்லாம அந்த இட்லி ஏது?"

"அதுக்கு? வெந்தப்புறம் துணிக்கு இலையில என்னம்மா வேலை? தண்ணி தெளிச்சு உரிச்சுப் போட வேண்டியதுதானே! கல்யாணமான நாள்லேருந்து இட்லி அவிக்கிறேன், என்கிட்ட வந்து..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கம்மா. வாய் நீளம்."

"என் கையால வச்சதுக்கா. உரிக்கலாமா?"

"யார் கையால வச்சா என்ன? துணி துணிதானே!"

சிக்கந்தர் பாய் கெக்கெக்கென்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு, அதில் இட்லியைத் துணி உரித்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கடைசியில கறுப்புத் திரையில ஒரு வரி வருமே. என்ன எழுதியிருந்துச்சு?"

சாருமதிக்கு இதுவா கஷ்டம்? கான்வென்ட்டில் பரிசளிப்பு விழாவுக்குச் செய்யுள் ஒப்பித்தவள். நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தாள்.

"ஏற்றுவதற்குச் செருகியதை எடுத்துவிட்டு என்டர் தட்டவும்."

"தட்டினீங்களா?"

"மூணு தடவையும் தட்டினேன்."

அம்மா ஒரு விள்ளல் இட்லியைச் சட்னியில் தோய்த்தாள்.

சாருமதியின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

"அம்மா."

"ம்."

"அது நீங்க செருகினதும்மா."

அம்மா சாப்பிட்டாள்.

"நீங்க செருகினத நான் எப்படி எடுக்கிறது? அது அங்க இருக்கிறதால, பெட்டி முழிக்கிறப்பெல்லாம் அதைத்தான் பாக்குது. தனக்குள்ள ஏறினத பாக்கவே இல்ல. அதனாலதான் திரும்பத் திரும்ப..." சாருமதியின் குரல் ஏறிக்கொண்டே போனது. "அப்போ முதல் தடவையே ஏறி முடிஞ்சிருச்சா! காலையிலேயே முடிஞ்சு உக்காந்திருந்துச்சா! நானேதான் அழிச்சு அழிச்சு..."

"இட்லி ஆறுதுக்கா."

இட்லியாவது மண்ணாவது! சாருமதி எழுந்து ஓடினாள். பின்னால் பாய் ஓடினார். ஒச்சம்மா கரண்டியோடு ஓடினாள். பெட்டி இன்னும் எந்த மொழி வேண்டும் என்றே கேட்டுக்கொண்டு நின்றது. சாருமதி அதன் முன்னால் போய், பென் டிரைவுக்கு நேரே கையை நீட்டி, நிறுத்திக்கொண்டாள். சந்தனப் பொட்டு காய்ந்து வெளுத்திருந்தது.

வாசற்படியில் அம்மா வந்து நின்றாள்.

"நீங்களே எடுத்திருங்கம்மா."

"என் கை பூரா சட்னி."

சாருமதி கண்ணை மூடிக்கொண்டாள். பிடித்தாள். இழுத்தாள். இத்தனை லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

பட்டனை அமுக்கி அணைத்தாள். மறுபடி அமுக்கினாள். கொப்பரை அரைபட்டது. திரை கறுத்தது. கறுப்பாகவே இருந்தது. இன்னும் கறுப்பு. பாய் ஓதினார். பிறகு மெல்ல, மலையில் மூட்டம் விலகுவதுபோல், திரை முழுக்கப் பச்சையாக ஒரு காடு வந்தது. டிங் என்று ஒரு சத்தம். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என்ன வேலை சொல்லப்போகிறாய் என்பதுபோல் அம்புக்குறி கண்சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

"வந்துருச்சு!" என்று கத்தினாள் சாருமதி. "தானா எழுந்து வந்துருச்சு!"

ஒச்சம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் குலவை போட்டாள். அந்தக் குலவையில் மாட்டுத் தொழுவத்துக் கன்று மிரண்டு கத்தியது. சிக்கந்தர் பாய், "கிளம்பு கிளம்பு, மேகம் நிக்காது!" என்று பெட்டியின் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பிறகு ஒரே அமளி. பெட்டியைக் கோரைப்பாயில் சுருட்டினார்கள். திரைக்கு ஒச்சம்மாவின் பழைய புடவை. கீபோர்டு சாருமதியின் துணிப்பையில் மாற்றுப் புடவைக்கு நடுவே. இட்லிப் பொட்டலம் அவள் மடியில். ஒச்சம்மா ஒவ்வொரு இட்லியாக எடுத்துக் காட்டி, "உரிச்சாச்சு டீச்சரம்மா, எல்லாம் உரிச்சாச்சு, அங்க போய் என் மானத்த வாங்காதீங்க," என்றாள்.

ஜீப் உறுமியது. மலை உச்சியில் மேகம் முட்டிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் உட்கார்ந்த சாருமதிக்குச் சந்தோஷத்தில் காது மடல்கூடச் சிவந்திருந்தது. வண்டி நகரப்போகும்போதுதான் அது உறைத்தது. மேலே ஒரு அறை. ஒரு மேசை. எதிரே அத்தனை முகங்கள். பக்கத்தில் யாரும் இல்லை.

"பாய், ஒரு நிமிஷம்! அம்மா!"

அம்மா கைகழுவி, புடவையில் துடைத்துக்கொண்டே ஜீப்புக்கு அருகில் வந்தாள்.

"அம்மா, முதல் நாள் மட்டும் கூட வாங்களேன். ஒரு ஓரமா உக்காந்தா போதும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். யாராச்சும் ஏதாச்சும் கேட்டு எனக்குத் தெரியலைன்னா, உங்க முகத்தப் பாத்துக்குவேன்."

"அக்கா, பெட்டி ஓடுச்சா?"

"ஓடுச்சே! நீங்கதான் பாத்தீங்களே!"

"பென் டிரைவ் எங்க இருக்கு?"

சாருமதி குனிந்து பார்த்தாள். அவ்வளவு அமளியிலும் இடது கை மூடியே இருந்தது. விரித்தாள். பென் டிரைவ் அங்கே இருந்தது. சந்தனம் அவள் உள்ளங்கைக்கு மாறியிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாய் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார்.

பிறகு கையை நீட்டி, அதை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போகட்டுமா என்று கேட்க வாய் திறந்த சாருமதி, கேட்கவில்லை. ஜீப்பின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.